கரிசல் வெயிலுக்கு எந்த சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்? எம்பிபிடி வாங்கியே ஆக வேண்டுமா?

கரிசல்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். வீடும், அதை ஒட்டி ஒரு மளிகைக் கடையும். 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. கரண்ட் போவதைவிடப் பெரிய தொல்லை, இருக்கும்போது வரும் வோல்டேஜ். மோட்டார் ஓடும் நேரத்திலும், சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போடும் நேரத்திலும் 150, 160 தாண்டுவதில்லை. அந்த வோல்டேஜில் இன்வெர்ட்டர் பேட்டரியைச் சரியாக ஏற்றுவதும் இல்லை. ராத்திரி கரண்ட் போய் இரண்டு ஃபேன், நாலு எல்ஈடி லைட், வைஃபை ஓடினால் இரண்டு மணி நேரத்தில் பீப் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சித்திரை, வைகாசியில் ஃபேன் இல்லாமல் அவரால் படுக்க முடியாது.

சோலார் சேர்க்கலாம் என்று கோவில்பட்டியில் மூன்று கடைகளில் விசாரித்தேன். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர், அதில் எம்பிபிடி, பிடபிள்யூஎம் என்று இரண்டு வகை என்கிறார்கள். ஒரு கடையில் 540 வாட் பேனல் ஒன்று 13,500 ரூபாய், அதற்கு 'எம்பிபிடி 30 ஆம்பியர்' என்று அச்சடித்த கன்ட்ரோலர் 1,400 ரூபாய். அடுத்த கடையில் அதே மாதிரி பேனல், ஆனால் 40 ஆம்பியர் எம்பிபிடி 9,000 ரூபாய். மூன்றாவது கடைக்காரர் 165 வாட் பேனல் இரண்டு 13,000 ரூபாய்க்கும், 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் 1,600 ரூபாய்க்கும் தருகிறேன் என்கிறார். எம்பிபிடி போட்டால் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

செந்தட்டி எழுதியது:

1,400 ரூபாய்க்கு 30 ஆம்பியர் எம்பிபிடி கிடையவே கிடையாது. அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

மதுரை வயர்மேன் எழுதியது:

செந்தட்டி சொன்னது சரி. ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு கடையிலும் ஏமாற மாட்டீர்கள் தம்பி.

எம்பிபிடிக்குள் தாமிரக் கம்பி சுற்றிய பெரிய காயில் ஒன்று இருக்கும். பேனலிலிருந்து அதிக வோல்டேஜில் வருவதை பேட்டரி வோல்டேஜுக்கு இறக்கி, அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டித் தருவது அதன் வேலை. 40 ஆம்பியர் தாங்கும் காயிலும், அது சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்கும் சேர்ந்தால் பெட்டி ஒன்றரை, இரண்டு கிலோ கனக்கும். கையில் எடுத்ததுமே தெரியும். பிளாஸ்டிக் டப்பா, முன்னால் யூஎஸ்பி ஓட்டை, கால் கிலோ கூட இல்லாத எடை என்றால் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம். மேலே என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பார் இல்லை.

ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்களும் சோதிக்கலாம். மத்தியானம் நல்ல வெயிலில், பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, கன்ட்ரோலரில் பேனல் வயர் நுழையும் இடத்தில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 540 வாட் பேனலாக இருந்தால் 33, 35 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 13, 14 என்று பேட்டரி வோல்டேஜோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அது பிடபிள்யூஎம். டிசி படிக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இரண்டு பக்கமும் ஆம்பியர் பாருங்கள். பிடபிள்யூஎம்மில் பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் ஒரே அளவு காட்டும். எம்பிபிடியில் பேட்டரி பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும்.

இன்னொன்று. 540 வாட் பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது எதிலும் இணைக்காதபோது காட்டுவது, 49 முதல் 50 வரை வரும். அந்த மலிவு டப்பாக்களில் பேனல் பக்கம் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பின்னால் போட்டிருப்பதைப் படியுங்கள். 25 என்றும் இருக்கும், 50 என்றும் இருக்கும். இரண்டுமே இந்தப் பேனலுக்கு ஆகாது.

பாலிடெக்னிக் வாத்தியார் எழுதியது:

கேள்வி நல்ல கேள்வி. பிடபிள்யூஎம்மா எம்பிபிடியா என்பதை முதலில் முடிவு செய்ய முடியாது. பேனலின் வோல்டேஜும் பேட்டரியின் வோல்டேஜும் பொருந்துகின்றனவா என்பதைப் பார்த்துவிட்டால் கன்ட்ரோலர் தானாக முடிவாகிவிடும்.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் அளவுகள் எல்லாம் செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தவை. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் பேனலின் செல் 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் வாட் குறையும். 40 டிகிரி கூடினால் 15 சதவீதம் போல அடி. இந்த நஷ்டம் வோல்டேஜில்தான் விழுகிறது, ஆம்பியர் குறைவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

165 வாட் பேனலில் 36 செல்கள். லேபிளில் 18.3 வோல்ட், 9 ஆம்பியர். சித்திரை மத்தியானத்தில் அந்த 18.3 வோல்ட் சுமார் 15.4 ஆகிவிடும். பிடபிள்யூஎம் என்ன செய்கிறது? பேனலை நேரடியாக பேட்டரியோடு இணைக்கிறது. பேட்டரி 13.5 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13.5-க்கு வந்துவிடும். வீணாவது 2 வோல்ட் சொச்சம். ஆக, இரண்டு பேனலை இணையாகப் போட்டால் 18 ஆம்பியர் கிடைக்கும். அதே இடத்தில் எம்பிபிடி போட்டால் 20 ஆம்பியர். பேட்டரி நன்றாக இறங்கி 12.5-ல் இருக்கும்போது வித்தியாசம் கொஞ்சம் கூடும், 14-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

அப்படியானால் 30 சதவீதம் என்கிறார்களே? லடாக் மாதிரி இடத்தில் அது உண்மை. குளிரில் செல்லின் வோல்டேஜ் ஏறி 19, 20-க்குப் போகும், பிடபிள்யூஎம் அதை 13-க்கு இழுத்துக் கீழே கொண்டுவரும், இடையில் உள்ளதெல்லாம் வீண். நம்மூரில் வெயிலே அந்த வோல்டேஜைத் தின்றுவிடுகிறது. எம்பிபிடி மீட்டுத் தர அங்கே மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. வெப்பமான ஊரில், 36 செல் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கும் வீட்டுக்கு, நல்ல பிடபிள்யூஎம்மே காசுக்கு ஏற்ற பொருள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சொல்லப்போனால், அந்த இடத்தில் எம்பிபிடி திணறவும் செய்யும். விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் என்ற எம்பிபிடி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பேனல் வோல்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூட இருந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். சூடான 36 செல் பேனலின் திறந்த வோல்டேஜே 19-ஐ ஒட்டித்தான் வரும். பேட்டரி 13.5 என்றால் 18.5 வேண்டும். நூலிழை. இரண்டு பேனலைத் தொடராகப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

540 வாட் பேனல் வேறு கதை. அதில் 144 அரைச் செல்கள், 41 வோல்ட் சொச்சம், 13 ஆம்பியர். இதை 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் வழியாகக் கொடுத்தால் 13 ஆம்பியர் மட்டும் வரும், அதாவது 175 வாட். மூன்றில் இரண்டு பங்கு காசு மாடியில் சும்மா காய்கிறது. எம்பிபிடி போட்டால் வெயில் கழிவெல்லாம் போக 33 ஆம்பியர் வரை வரும். இப்போது அடுத்த கேள்வி: 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று 33 ஆம்பியரை வாங்கிக்கொள்ளுமா? அதன் இயல்பான சார்ஜ் 15 ஆம்பியர். 20 வரை கொடுக்கலாம். 33-ஐத் தினமும் திணித்தால் சூடாகும், தண்ணீர் குடிக்கும். ஆக 540 வாட் எடுப்பதென்றால் எம்பிபிடியில் ஆம்பியர் வரம்பை 20-க்கு அமைக்க வேண்டும், அல்லது 24 வோல்ட்டுக்குப் போக வேண்டும்.

கரிசல்காடு எழுதியது:

சார், ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. 24 வோல்ட் என்றால் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும், இன்னொரு பேட்டரியும் வாங்க வேண்டும். இப்போதைக்கு முடியாது.

கன்ட்ரோலரைக் கடையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். கடை தகர ஷெட். பேனலிலிருந்து அங்கே 10 மீட்டர்தான். பேட்டரி வீட்டு நடையில் இருக்கிறது.

உப்பளத்துக் காற்று எழுதியது:

தகர ஷெட்டில் வேண்டவே வேண்டாம்!

முத்தையாபுரம் பக்கம் உப்பளங்களில் சோலார் பம்பும் லைட்டும் பார்த்துக்கொள்கிறவன் நான். வெளியே 40 டிகிரி என்றால் தகரத்துக்கடியில் 50 தாண்டும். கன்ட்ரோலர்களின் டேட்டாஷீட்டில் 60 டிகிரி வரை ஓடும் என்று போட்டிருப்பார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வாத்தியார் சொன்ன விக்ட்ரான் வகையில் முழு ஆம்பியர் 40 டிகிரி வரைதான், அதற்கு மேல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே குறைத்துக்கொள்ளும். அதாவது நமக்கு வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் குறையும். மலிவான பெட்டி அதைக்கூடச் செய்யாது. கெப்பாசிட்டர் உப்பி, ஒரு நாள் செத்துப் போகும். அதனால் கணக்குக்கு 20 ஆம்பியர் வந்தால் 30 வாங்குங்கள். அந்தக் கூடுதல் பத்து ஆம்பியர் வெயிலுக்கான விலை.

சுவரில் நட்டுக்குத்தலாக, மேலும் கீழும் ஒரு சாண் இடம் விட்டு மாட்டுங்கள். ஹீட் சிங்க் வழியாகக் காற்று கீழிருந்து மேலே ஓட வேண்டும். டப்பாவுக்குள் பூட்டி வைப்பவர்கள் பலர். அது பல்லிக்கும் நல்லதில்லை, கன்ட்ரோலருக்கும் நல்லதில்லை.

வயர் விஷயத்தில் வாத்தியாரோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. 15.4 வோல்ட் கிடைக்கும் என்கிறார். பேனல் அருகில் கிடைக்கும், சரி. 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர் தாமிரம். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 18 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மிச்சம் 13.8. டியூபுலர் பேட்டரியை நிரப்ப 14.4 வேண்டும். பிடபிள்யூஎம் எங்கிருந்து கொண்டுவரும்? இந்தத் தொல்லை எம்பிபிடியில் இல்லை, பேனலைத் தொடராகப் போட்டால் ஆம்பியரும் பாதி, நஷ்டமும் கால்வாசி. நான் என்றால் எம்பிபிடி பக்கம்தான் சாய்வேன்.

பாலிடெக்னிக் வாத்தியார் எழுதியது:

கணக்கு சரி, ஐயா. ஆனால் 14.4-ஐ நெருங்கும்போது பேட்டரி 18 ஆம்பியரைக் கேட்காது. 8, 10 என்று இறங்கிவிடும், வயர் நஷ்டமும் அதே விகிதத்தில் இறங்கும். கடைசிக் கட்டத்துக்கு வோல்டேஜ் போதும், அங்கே போய்ச் சேரத்தான் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். இருந்தாலும் 10 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 10 சதுர மில்லிமீட்டர் போடலாம். அல்லது ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக 6 சதுர மில்லிமீட்டர் ஒரு ஜோடி இழுத்து, கன்ட்ரோலர் அருகில் சேர்க்கலாம். வயர் செலவையும் சேர்த்துத்தான் பிடபிள்யூஎம் மலிவா என்று பார்க்க வேண்டும். 15 மீட்டருக்கு மேல் போனால் நானும் எம்பிபிடிக்கு மாறிவிடுவேன்.

பேட்டரி நடையில் இருக்கிறது என்றால் கன்ட்ரோலரும் அங்கேயே வரட்டும். காரணம் வெப்ப ஈடு. பேட்டரி சூடாக இருந்தால் 14.4 வேண்டியதில்லை. 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 24 மில்லிவோல்ட் போலக் குறைக்க வேண்டும். பேட்டரி 37 டிகிரியில் இருந்தால் 14.1 போதும். இதைச் செய்யாவிட்டால் கோடை முழுக்கப் பேட்டரி கொதித்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே மாளாது. பல கன்ட்ரோலர்கள் இதைச் செய்கின்றன, ஆனால் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கன்ட்ரோலர் 55 டிகிரி தகரத்துக்கடியிலும் பேட்டரி 35 டிகிரி நடையிலும் இருந்தால், பேட்டரியும் 55-ல் இருப்பதாக நினைத்து அரை வோல்ட் குறைத்துவிடும். பேட்டரி என்றைக்குமே நிரம்பாது. தனியாக வயர் போட்டு, பேட்டரி மேல் ஒட்டும் சென்சாருக்குச் சொருகும் இடம் உள்ள கன்ட்ரோலராகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வசதிக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுப்பது வீணாகாது.

செந்தட்டி எழுதியது:

ஒரு அடிப்படைக் கேள்வி. இதெல்லாம் எதற்கு? 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். கூரைப் பேனல் நேராக லைனோடு சேரும். பேட்டரியும் வேண்டாம், சார்ஜ் கன்ட்ரோலரும் வேண்டாம்.

வன்னிக்காரன் எழுதியது:

அந்த முறையில் லைனில் கரண்ட் இல்லாதபோது வெயில் எவ்வளவு அடித்தாலும் வீட்டில் கரண்ட் இராது, செந்தட்டி அண்ணை. லைனில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்று அந்த இன்வெர்ட்டர்கள் தாங்களாகவே நின்றுவிடும்.

நான் வவுனியா. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுக்க மின்சாரம் போனது. நல்ல வெயில் நேரம். எங்கள் ஊரில் கூரை நிறையப் பேனல் வைத்திருந்த வீடுகளிலும் ஃபேன் ஓடவில்லை. அன்று ஃபேன் ஓடிய வீடுகள் பற்றரி வைத்திருந்தவை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோதும் இதே நிலைதான். பில்லைக் குறைப்பது ஒரு தேவை, கரண்ட் போகும்போது ஃபேன் ஓடுவது இன்னொரு தேவை. தம்பி கேட்பது இரண்டாவது.

பற்றரியைப் பற்றி வாத்தியார் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். லெட் ஆசிட் பற்றரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் பற்றரி வருடம் முழுக்கச் சூட்டில்தான் இருக்கிறது. கன்ட்ரோலரில் மிச்சம் பிடிக்கும் காசைவிட, பற்றரி ஒரு வருடம் கூட உழைப்பதில் வரும் காசு பெரிது. மேற்குச் சுவரோரம் வைக்க வேண்டாம்.

மதுரை வயர்மேன் எழுதியது:

வன்னித் தம்பி சரியாகச் சொன்னார். அதோடு, லைனில் 160 வோல்ட் வந்தாலும், லைனோடு சேரும் அந்த ஆன்கிரிட் இன்வெர்ட்டர்கள் பல, வோல்டேஜ் போதவில்லை என்று விலகி நிற்கும். பில் பக்கம் பார்த்தாலும், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீட்டுக்கு இலவசம். சின்ன வீட்டில் சோலார் போட்டு பில்லில் பெரிதாக மிச்சப்படுத்த ஒன்றுமில்லை.

இப்போது யாரும் தொடாத ஒரு விஷயம். எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்: 'சோலார் போட்டேன், கன்ட்ரோலரில் ஆம்பியரே காட்டவில்லை.' கன்ட்ரோலர் மேல் பழி போட்டு மாற்றுவார்கள். புதியதிலும் காட்டாது. காரணம், ராத்திரி முழுக்க லைன் கரண்ட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பி வைத்திருக்கும். காலையில் வெயில் வரும்போது பேட்டரியில் இடமே இல்லை. பகலிலும் லைன் இருந்தால் ஃபேனும் லைட்டும் லைனில் ஓடும். கன்ட்ரோலர் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்காகவே சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் என்று விற்கிறார்கள். பழைய இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டுவது. வெயில் போதுமான அளவு இருந்தால் லைன் சார்ஜை அது துண்டித்துவிடும், பேட்டரி இறங்கினால் மறுபடியும் சேர்க்கும். சார்ஜ் கன்ட்ரோலரும் அதற்குள்ளேயே இருக்கும். பில்லைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது சரியான பொருள். ஆனால் தினமும் பேட்டரியை இறக்கி ஏற்றும். இலவச யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில், சில யூனிட் மிச்சம் பிடிக்கப் பேட்டரியைத் தேய்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பியின் வீட்டில் நிலைமை வேறு. அங்கே லைன் பேட்டரியை நிரப்புவதே இல்லை. பாதி ஏறியும் பாதி இறங்கியும் கிடக்கும் டியூபுலர் பேட்டரியில் பிளேட்டில் சல்பேட் படியும். 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அவர் சொல்லும் லோடுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பீப் அடிக்கிறது என்றால் பேட்டரி பட்டினி கிடக்கிறது. அவருக்கு சோலார் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: தினமும் மத்தியானத்துக்குள் பேட்டரியை முழுசாக நிரப்புவது. அதனால் கன்ட்ரோலரில் நான் முதலில் கேட்பது, சார்ஜ் வோல்டேஜைத் தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா, ஈக்வலைஸ் (அவ்வப்போது கூடுதல் வோல்டேஜ் கொடுத்து எல்லாச் செல்லையும் சமமாக நிரப்பும் வசதி) இருக்கிறதா என்பதுதான். 'சீல்டு' பேட்டரிக்கு மட்டும் அமைத்த பெட்டி டியூபுலரை அரைகுறையாகவே விடும்.

தம்பி, கிராவிட்டி, அதாவது பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட் தண்ணீரின் அடர்த்தி, பார்த்தீர்களா?

கரிசல்காடு எழுதியது:

இன்று ஹைட்ரோமீட்டர் வாங்கி வந்து பார்த்தேன் அண்ணே. ஆறு செல்லிலும் 1160, 1170 அளவில் இருக்கிறது. ஒரு செல் மட்டும் தனியாகக் குறையவில்லை.

மதுரை வயர்மேன் எழுதியது:

நல்ல செய்தி. ஆறும் ஒரே மாதிரி இருந்தால் செல் சாகவில்லை, சார்ஜ்தான் போதவில்லை. முழுசாக ஏறினால் 1240 வர வேண்டும். சோலார் மாட்டிய பிறகு ஈக்வலைஸ் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் மீளும். புது பேட்டரி வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஊருணி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 24 வோல்ட் இன்வெர்ட்டர், பேட்டரி இரண்டு. பழைய 250 வாட் பேனல் இரண்டு குறைந்த விலைக்கு வருகிறது. 60 செல். பிடபிள்யூஎம் போதுமா?

பாலிடெக்னிக் வாத்தியார் எழுதியது:

போதாது. இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 60 செல் பேனல் லேபிளில் 30.5 வோல்ட் என்று இருக்கும், 24-க்குத் தாராளம் என்று தோன்றும். 65 டிகிரியில் அது 25.6 ஆகிவிடும். உங்கள் பேட்டரிகளுக்கு 28.8 வேண்டும். மார்கழியில் ஓரளவு ஓடும், சித்திரையில் படுத்துவிடும். எம்பிபிடி வாங்கினாலும் இரண்டையும் இணையாகப் போட்டால் இதே கதிதான், ஏனென்றால் அது வோல்டேஜை இறக்கும், ஏற்றாது. தொடராகப் போடுங்கள், எம்பிபிடி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வோல்டேஜ் இரண்டும் சேர்ந்து 75 தாண்டும், அதனால் 75 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் வேண்டாம், 100 வோல்ட் பாருங்கள். 500 வாட்டுக்கு 24 வோல்ட்டில் 20 ஆம்பியர் போதும்.

72 செல் பேனலாக இருந்தால் 24 வோல்ட்டுக்கு பிடபிள்யூஎம்மே போதும். வெயிலிலும் 31 வோல்ட் நிற்கும்.

உப்பளத்துக் காற்று எழுதியது:

கரிசல்காடு தம்பிக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும்போது 330 வாட் பேனல் 60, 70 வாட்தான் தரும். 540 வாட் இருந்தால் 100-ஐத் தாண்டும். மழைக்காலத்தில்தான் உங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் நாள் கணக்கில் போகும். பேனலுக்கு ஒரே விலை சொல்கிறார்கள், அப்படியிருக்க 200 வாட்டை ஏன் விட வேண்டும்? கன்ட்ரோலருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஏழாயிரம் அதற்கான விலை என்று நான் நினைக்கிறேன். ஆம்பியர் வரம்பை 20-ல் வைத்துவிட்டால் வெயில் காலத்தில் பேட்டரிக்கும் கெடுதல் இல்லை. நாளைக்கு 24 வோல்ட்டுக்குப் போனாலும் அதே பேனல், அதே கன்ட்ரோலர்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: உப்புக் காற்று படும் இடத்தில் ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் கன்ட்ரோலர் எடுக்க வேண்டாம், உப்பை உள்ளே இழுத்து போர்டை அரித்துவிடும். மார்னிங்ஸ்டார் சன்சேவர் மாதிரி உள்ளே முழுக்க எபாக்ஸி ஊற்றி உறைய வைத்தது நிற்கும். விலைதான் அதிகம்.

வன்னிக்காரன் எழுதியது:

உப்பளத்தார் சொல்வது நியாயம். ஆனால் அந்த ஏழாயிரத்துக்கு இரண்டு பிஎல்டிசி ஃபேன் வரும் அண்ணை. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட். இரண்டு ஃபேன் ஆறு மணி நேரம் ஓடினால் 900 வாட் மணி செலவான இடத்தில் 360 போதும். கூடுதல் பேனல் வெயில் இருந்தால்தான் தரும். இது ராத்திரியிலும் மழையிலும் மிச்சம். அம்மாவுக்குத்தான் ஃபேன் என்றால் நான் முதலில் அதைத்தான் மாற்றுவேன்.

கரிசல்காடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டேன். 165 வாட் பேனல் இரண்டு, 30 ஆம்பியர் பிடபிள்யூஎம், ஆனால் கடைக்காரர் முதலில் காட்டிய பெட்டி இல்லை. பேட்டரியில் ஒட்டும் சென்சாரும், வோல்டேஜ் மாற்றும் வசதியும், ஈக்வலைஸும் உள்ளது 2,300 ரூபாய்க்கு இருக்கிறது. பேட்டரி அருகிலேயே நடையில் மாட்டப் போகிறேன், மாடிப் படிக்கட்டு வழியாக வந்தால் பேனலிலிருந்து 7 மீட்டர்தான். பேனலுக்கு ஒரு ஜோடியாக 6 சதுர மில்லிமீட்டர் வயர். மிச்சக் காசில் அம்மா அறைக்கும் எங்கள் அறைக்கும் பிஎல்டிசி ஃபேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? கடைக்காரர் சாதாரண எம்சிபி போதும் என்கிறார்.

மதுரை வயர்மேன் எழுதியது:

போதாது. வீட்டு ஏசி எம்சிபி டிசியில் தீப்பொறியை அணைக்காது, உள்ளேயே எரியும். டிசி எம்சிபி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். பேனல் பக்கம் அது, பேட்டரி பக்கம் பேட்டரி டெர்மினலை ஒட்டி 30 ஆம்பியர் ஃபியூஸ். பேனல் சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணைக்க வேண்டும். அது 12 வோல்ட் என்று கண்டுகொண்ட பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. மாற்றிச் செய்தால் சில பெட்டிகள் அப்போதே போய்விடும். இன்வெர்ட்டரை நேராகப் பேட்டரியில் இணைத்தபடியே விடுங்கள். கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட லோடு டெர்மினலில் இன்வெர்ட்டரை மாட்டவே கூடாது, அது தாங்காது. வாங்கும் பெட்டிக்குள் பேனலுக்கும் பேட்டரிக்கும் பொதுவாகச் சேர்ந்திருப்பது பாசிட்டிவா நெகட்டிவா என்றும் பாருங்கள். பாசிட்டிவ் பொது என்றால் பேனலின் நெகட்டிவையும் பேட்டரியின் நெகட்டிவையும் எங்கேயும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, எர்த் வழியாகக்கூட.

அப்புறம், மாட்டிய முதல் வாரம் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு பேட்டரி வோல்டேஜையும், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு கிராவிட்டியையும் எழுதி வையுங்கள். 1200 தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஈக்வலைஸுக்கு அவசரமில்லை. 1200-லேயே நின்றுவிட்டால் ஈக்வலைஸ் போடுங்கள். அன்றைக்கு மட்டும் முன்கூட்டியே தண்ணீர் அளவைப் பார்த்து, நடைக் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் விளக்கு ஏற்றாமல் இருக்க வேண்டும். அளவுகளை இங்கே போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.